கறிச்சட்டிக்கும் கடலுக்கும் நடுவில்: யாழ்ப்பாணத்தில் மீன் சாப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஐயா பாசையூரில் தொழிலுக்குப் போனவர். நான் படித்தது கடற்றொழில் விஞ்ஞானம். அதனால் சொந்தக்காரர், அயலவர், கிளினிக்குக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிமார் என்று பலரும் மீனைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கடல் முழுக்க நஞ்சாகிவிட்டது என்கிறார்கள். மீனை விட்டுவிடலாமா?

வேண்டாம். கடலுக்கு வரும் கேடு வேறு, கறிச்சட்டிக்கு வரும் கேடு வேறு. ஒரு பொலித்தீன் பை ஆமையைக் கொல்லலாம், ஆனால் அதே கடலில் பிடித்த ஓரா மீன் உங்களுக்கு நல்ல சாப்பாடாகவே இருக்கும். இன்னொரு பக்கம், சுத்தமான ஆழ்கடலில் பிடித்த சூரை இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தாலே ஒரு வீட்டையே வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம், கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுகிறோம். மீனில் இருக்கும் புரதமும் ஒமேகா 3 கொழுப்பும் அயடீனும் வளரும் பிள்ளைகளுக்குத் தேவை. வதந்தியைக் கேட்டு மீனை நிறுத்தினால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பிறகு மீனில் இரசாயனம் ஏறிவிட்டதா?

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி ஆழத்துக்கு இழுத்துப் போகும்போது பின்பக்கம் தரைதட்டி மூழ்கத் தொடங்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும், பருப்பளவு பிளாஸ்டிக் மணிகள் ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேலும் இருந்தன. இந்த வகை மணிகள் கடலில் கொட்டிய விபத்துகளில் உலகிலேயே மிகப் பெரியது இதுதான்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலும் சனம் மீன் வாங்கப் பயந்தது. நைத்திரிக் அமிலம் கடல் நீரோடு கலந்தால் விரைவில் நீர்த்துப் போய்விடும். மீனின் சதைக்குள் தங்கிக் கிடக்கும் பொருள் அது அல்ல. நீண்ட நாள் பிரச்சினை பிளாஸ்டிக் மணிகள்தான். அதிலும் எரிந்தவை. கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கரையில் பொறுக்கியதை ஆராய்ந்து, எரிந்து உருகிய துண்டுகள் எரியாத மணிகளை விட இரசாயன ரீதியில் மூன்று மடங்கு சிக்கலானவை என்று 2022இல் எழுதினார்கள். வெள்ளை மணி கண்ணுக்குத் தெரியும், பொறுக்கலாம். கறுத்து உருகிய துண்டு கல்லோடு கல்லாகக் கிடக்கும், யாரும் பொறுக்க மாட்டார்கள்.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கடலுக்கு வந்த கேட்டைப் பற்றியது. உங்கள் வீட்டுக் குழம்பில் நஞ்சு இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

மைக்ரோபிளாஸ்டிக் மீனில் இருக்கிறதாமே?

இருக்கிறது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பல நாடுகளில் மீன், மட்டி, கடல் உப்பு, குழாய்த் தண்ணீர் என்று தேடிய இடமெல்லாம் கிடைத்திருக்கின்றன. மீனில் பெரும்பாலும் குடலுக்குள்தான் இருக்கும். அறக்குளாவையோ பாரையையோ வயிறு கழுவி வெட்டும்போது அதில் பெரும்பங்கு குடலோடு போய்விடுகிறது. முழுதாகச் சாப்பிடும் நெத்தலி, சூடை, மட்டி போன்றவற்றில்தான் குடலும் நம் வயிற்றுக்குள் போகிறது. ஆகவே நெத்தலியைத் தலையோடு கிள்ளிக் குடலை இழுத்துவிட்டுச் சமையுங்கள். அம்மம்மாமார் செய்ததும் அதுதான்.

இது மனித உடம்பில் எவ்வளவு கேடு செய்யும் என்பது இன்னும் முடிவாகவில்லை, உலக சுகாதார நிறுவனமும் போதிய சான்று இல்லை என்றே சொல்கிறது. அதைச் சாட்டி மீனை விடாதீர்கள். ஆனால் பிளாஸ்டிக் பையை வாய்க்காலில் போடுவதையாவது விடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்கலாமா?

வீட்டில் சண்டை வரும் கேள்வி இது. என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது எங்கள் வீட்டிலும் வந்தது. பால் சுரக்கவென்று பால்சுறா வாங்கி, அவித்து உதிர்த்து, மிளகும் உள்ளியும் போட்டு வறை செய்து கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் இடையில் போய் பாதரசம் என்று கதைத்ததும் அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவவின் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்த வறை பல தலைமுறைக் கவனிப்பு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிலக்கரி எரிப்பது, தங்கச் சுரங்கம், எரிமலை என்று பல வழியில் பாதரசம் கடலுக்கு வருகிறது. நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீன் அதை உண்கிறது, பெரிய மீன் சின்ன மீனை உண்கிறது. ஒவ்வொரு படியிலும் அளவு கூடிக்கொண்டே போகும். மேல் படியில் இருக்கும் பெரிய, வயது போன வேட்டை மீன்களில்தான் அதிகம்: பெரிய சுறா, தளபத்து, கொப்பரைக் குல்லா, பெரிய சூரை வகைகள். சர்வதேச உணவு விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு சூரை வகைக்கு ஒரு கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், சுறாவுக்கு 1.6 மில்லிகிராம் மெதைல் பாதரசம் வரை என்று எல்லை போட்டிருக்கிறது. சுறாவுக்கு எல்லை கூடுதலாக இருப்பது சுறாவில் அது இயல்பாகவே கூடுதலாக இருப்பதால்தான், சுறா பாதுகாப்பானது என்பதால் அல்ல.

இந்தப் பாதரசம் கொழுப்பிலோ தோலிலோ தங்குவதில்லை, சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அவித்துத் தண்ணீரை ஊற்றினாலும், பழப்புளியில் ஊறவைத்தாலும், பொரித்தாலும் போகாது. தாயின் உடம்பில் பாதி குறையவே ஏறக்குறைய 50 நாள் பிடிக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளரும் நேரத்தில் நச்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தாய்ப்பாலிலும் போகும், ஆனால் குறைவாக. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் குடாவுக்குள் விட்டு, 1956இல் நோய் வெளியே தெரிய வந்தபோது, தாய்மாருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே பிள்ளைகள் கடும் பாதிப்போடு பிறந்திருந்தார்கள். அந்த அளவு நஞ்சு எங்கள் கடலில் இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் முதலில் பாதிப்பு என்பதை உலகம் அங்கிருந்துதான் கற்றது.

சரி, பால்சுறா? உண்மையான பால்சுறா சின்ன இனம், பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவுதான் வளரும், நெடுங்காலம் வாழ்வதும் இல்லை. அதனால் ஆழ்கடல் பெருஞ்சுறாவோடு அதை ஒப்பிட முடியாது. ஆங்கிலத்திலும் அதற்குப் பால் சுறா என்ற பெயர், தாய்ப்பால் பற்றிய எங்கள் பக்கத்து நம்பிக்கையால்தான் வந்தது. சிக்கல் என்னவென்றால், சந்தையில் துண்டாக வெட்டி விற்கும் சுறா எந்த இனம், எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாது. என் அறிவுரை இது. கர்ப்ப காலத்தில் சுறாவே வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு வழக்கத்தை விட மனமில்லாவிட்டால், தலையோடு முழுசாக இருக்கும் சின்னக் குட்டியை நீங்களே பார்த்து வாங்கி, ஒன்றிரண்டு தரம் மட்டும் கொடுங்கள். மற்ற நாட்களில் அதே மிளகு, உள்ளி, சரக்குத்தூளோடு விளைமீன், ஓரா, திரளி, சின்னப் பாரை என்று சமைத்துக் கொடுங்கள். பால் சுரக்கத் தாய்க்கு வேண்டியது நல்ல சாப்பாடும், தண்ணீரும், பிள்ளை அடிக்கடி குடிப்பதும்தான். கடைசியில் என் அம்மாவும் திரளி வாங்கி வந்தா.

சூரை சாப்பிட்டால் முகம் சிவந்து உடம்பு கடிக்கிறது. எனக்கு மீன் ஒத்துவராதா?

ஒருவேளை ஒவ்வாமையே அல்ல. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாத மத்தியானம் வாசலுக்கு வந்த வியாபாரியிடம் சூரை வாங்கினோம். மோட்டார் சைக்கிளில் கட்டிய பெட்டி, ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. மீன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நாற்றமும் இல்லை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கு முகம் நெருப்பாகச் சிவந்தது. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் கடி. பார்த்த வைத்தியர் முதலில் ஒவ்வாமை என்றுதான் எழுதினார். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு எப்படி ஒவ்வாமை வரும்?

அது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்பிளா, சாளை, அறக்குளா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். மீன் சூடேறிக் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒரு தரம் உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், குளிரூட்டியில் வைத்தாலும், கருவாடாக்கினாலும், ரின்னில் அடைத்தாலும் அழியாது. கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். நாக்கில் மிளகு பட்டது போன்ற உறைப்பு தெரிந்தால் உடனே துப்பிவிடுங்கள், ஆனால் எல்லா மீனிலும் அந்தச் சுவை தெரியாது. பெரும்பாலானோருக்கு ஒரு நாளுக்குள் குறைந்துவிடும். மூச்சு முட்டினால், அல்லது முட்டு வருத்தம், இருதய வருத்தம் உள்ளவராக இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வைத்தியரிடம் என்ன மீன், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள், எத்தனை பேருக்கு வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க மீன் ஆகாது என்று ஒரு பிள்ளையின் அட்டையில் எழுதிவிடுவார்கள்.

தடுக்க ஐஸ்தான் வழி. எங்கள் வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் வேண்டும். மேலே நாலு கட்டி போட்டால் போதாது, அடுக்கடுக்காகப் போட வேண்டும். மீனின் உள்ளே 4 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல றெஜிபோம் பெட்டியும் போதிய ஐஸும் இருந்தால் அந்தச் சூரை எங்களை ஒன்றும் செய்திருக்காது. ஐஸ் விலை கூடும்போது வியாபாரி குறைத்துப் போடுவார். அவர் மேல் மட்டும் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஐஸ் போட்ட மீனை ஐஸ் மீன் என்று ஒதுக்கி, ஐஸ் இல்லாமல் கிடப்பதைப் பச்சை மீன் என்று வாங்குபவர்களும் நாங்கள்தானே.

போர்மலின் போட்டு விற்கிறார்களாமே?

இந்தியாவில் 2018இல் கேரளாவில் போர்மலின் போட்ட மீன் தொன் கணக்கில் பிடிபட்டது, அந்தச் செய்திக்குப் பிறகு இங்கேயும் எல்லா மீனிலும் சந்தேகம் வந்தது. போர்மலினில் இருக்கும் போர்மல்டிஹைட் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உண்மை. ஆனால் சில கடல் மீன்களில் இறந்த பிறகு அது இயல்பாகவே கொஞ்சம் உண்டாகும். ஆகவே சோதனையில் கொஞ்சம் தெரிந்தாலே கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. ஈ மொய்க்கவில்லை என்பதும் சான்று அல்ல, நன்றாக ஐஸ் போட்ட மீனிலும் ஈ குறைவாகத்தான் இருக்கும். சதை றப்பர் போல விறைத்து, மீன் மணமே இல்லாமல், மூக்கை அரிக்கும் மணம் வந்தால் வாங்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி பார்க்கும் முறை பழையதுதான். கண் புடைத்துத் தெளிவாக, பூ (செவுள்) சிவப்பாக, அழுத்திய இடம் திரும்ப எழும்ப வேண்டும்.

நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

அது பெரும்பாலும் நண்டின் ஈரல் போன்ற உறுப்பு. கட்மியம் போன்ற உலோகங்கள் சதையை விட அங்கேதான் சேரும். பெரியவர்கள் எப்போதாவது உண்ணலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கால் சதையும் உடம்புச் சதையும் போதும். ஒடியல் கூழுக்கும் இதுவே பொருந்தும், ஓட்டை நன்றாகக் கழுவிப் போடுங்கள். செத்துக் கிடந்த நண்டு எந்த விலைக்கும் வேண்டாம்.

மட்டி நல்லாக் கொதிக்க வைத்தால் போதும்தானே?

கிருமிகளுக்குப் போதும், பாசி நஞ்சுக்குப் போதாது. மட்டி நீரை வடிகட்டி உண்ணும் பிராணி. நச்சுப் பாசி பெருகிய நேரத்தில் அந்த நஞ்சு மட்டிக்குள் சேர்ந்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. எங்களுக்கு எதிர்க்கரையில், தமிழ்நாட்டின் வாயலூரில், 1981இல் மட்டி சாப்பிட்ட 85 பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 2019 செப்டெம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அது வேறு வகைப் பாசி, அது பெரும்பாலும் நீரின் ஒட்சிசனைக் குறைத்து மீனைக் கொல்லும். நீரின் நிறம் மாறியிருந்தால், மீன் செத்து மிதந்தால், அந்தப் பக்கத்து மட்டியை எடுக்காதீர்கள். மட்டி சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்தால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பேத்தை மீனை ஈரல் எடுத்துச் சமைத்தால்?

கூடாது. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்தும் இல்லை, சூட்டில் அது அழிவதும் இல்லை. வலையில் வந்தால் கரையில் எறியாமல் புதைத்துவிடுங்கள், தெரியாத யாராவது எடுத்துச் சமைத்துவிடக் கூடும்.

கடனீரேரி மீன் நல்லதா, ஆழ்கடல் மீன் நல்லதா?

இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. கடனீரேரியில் சிறகு வலையில் விழும் மீன் விடிய உயிரோடு சந்தைக்கு வரும். சின்ன மீன்கள், ஆகவே பாதரசமும் குறைவு, ஹிஸ்டமின் பயமும் குறைவு. ஆனால் அது ஆழமில்லாத நீர். நகரத்து வாய்க்கால்கள் அங்கேதான் போய் விழுகின்றன. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது கிணற்றுக்கும் போகும், கடலுக்கும் போகும். தீவுகளுக்குப் போகும் தாம்போதிகள் நீரோட்டத்தையும் மறிக்கின்றன. வாய்க்கால் வாயருகே எடுத்த மட்டியையும் இறாலையும் நான் வாங்க மாட்டேன், நடுக் கடனீரேரி மீனை விரும்பி வாங்குவேன். ஆழ்கடல் மீனில் கழிவுநீர்ப் பயம் இல்லை, அங்கே பார்க்க வேண்டியவை பாதரசமும் ஐஸும்.

ஒரு மீனைச் சோதித்து "பாதுகாப்பு" என்று சொல்லிவிட முடியாதா?

முடியாது, இதைச் சனத்துக்கு விளங்க வைப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. ஒரே வலையில் விழுந்த இரண்டு பாரையில், வயது கூடியதில் பாதரசமும் கூடுதலாக இருக்கும். ஆகவே நீளம், எடை, வயது எல்லாம் எடுக்க வேண்டும். வயதை மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லின் வளையங்களை எண்ணி அறிவார்கள், மரத்தின் ஆண்டு வளையம் போல. பிறகு சதையை உறைய வைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். அதே இடத்தில் வாடைக் காலத்திலும், தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்திலும் திரும்ப எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானத் துறை இருக்கிறது. நாட்டின் நீரியல் ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் தலைமையகம் கொழும்பு மட்டக்குளியில், இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். குருநகர் இறங்குதுறையில் மாதாமாதம் மீன் எடுத்து, அளந்த எண்களைத் தமிழில் சந்தைச் சுவரில் ஒட்டும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன். எண் இல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

ஆமை இறைச்சி சாப்பிடலாமா?

சட்டப்படி குற்றம். உடம்புக்கும் ஆபத்து: சில ஆமைகளின் சதையில் அவை உண்டவற்றிலிருந்து சேரும் நஞ்சு இருக்கும், ஊரில் பல பேர் ஒன்றாக இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதே ஆமையைப் பாலூட்டும் தாய் உண்டால் குழந்தையும் இறக்கலாம்.

இழுவைமடிப் படகுகளால் மீனின் தரம் கெடுமா?

மீனின் தரத்தை விட மீனின் வீடு கெடும். பாக்கு நீரிணைப் பக்கம் பல இடங்களில் 10 மீற்றர் கூட ஆழமில்லை. இழுவைமடி அடித்தரையை உழுது சாதாழை என்கிற கடற்புல்லைப் பிடுங்கிப் போகிறது. சாதாழைதான் ஓராவும் இறாலும் நீலக்கால் நண்டும் குஞ்சாக வளரும் இடம், கடற்பசுவின் சாப்பாடும் அதுவே. இலங்கை 2017இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடை செய்தது. ஆனாலும் இரவில் எல்லை தாண்டி வரும் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, அறுந்த வலைகள் அடியில் கிடந்து ஆண்டுக்கணக்கில் ஆமையையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. ஐயா கடைசியாகத் தொழிலுக்குப் போன வருடம் மூன்று தரம் வலை வாங்கினார்.

கரையில் செத்த ஆமையோ ஓங்கிலோ (டொல்பின்) கிடந்தால் என்ன செய்வது?

2021 கப்பல் விபத்துக்குப் பிறகு, 176 ஆமைகள், 20 ஓங்கில்கள், 4 திமிங்கிலங்கள் இறந்து ஒதுங்கியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. எது எதனால் இறந்தது என்று பிரித்துச் சொல்வது ஏன் கடினம் தெரியுமா? சோழகக் காலத்தில் எப்போதும் சில உடல்கள் ஒதுங்கும். அதற்கு முந்திய வருடங்களில் எத்தனை என்ற கணக்கு இருந்தால்தான் இந்த வருடம் கூடியதா என்று தெரியும். அந்தக் கணக்கைக் கரையில் நடக்கும் நீங்கள்தான் தர முடியும்.

வெறுங்கையால் தொடாதீர்கள், புதைக்கவும் அவசரப்படாதீர்கள், நாய்களை விரட்டுங்கள். பக்கத்தில் ஒரு செருப்பையோ துடுப்பையோ அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, தலை தெரிய ஒன்று, வலையோ வெட்டுக்காயமோ இருந்தால் அதற்கு ஒன்று. கிராம உத்தியோகத்தர் வழியாக வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஆமை என்றால் ஓட்டின் நீளத்தை, கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை, வளைவோடு சேர்த்து ஒரு கயிற்றால் அளந்து, அந்த நீளத்தையும் திகதியையும் இடத்தையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.